எருமை மலைக்கு நேரே, கடலில்

இப்படி உட்கார வைத்துக் கதை சொல்கிறவர்கள் வழக்கமாகத் தலை நரைத்தவர்கள். ஓய்வு பெறும் நாளில் சால்வை போர்த்திக்கொண்டு, மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குவார்கள். எனக்கு அந்த வயதுக்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது. கடலில் இருக்கும் படகுகளைக் கவனிக்கும் இந்தப் புதுப்பட்டினம் கரை அறையை உங்கள் மூன்று பேரிடமும் விட்டுவிட்டு ஜவ்வாது மலைப் பக்கம் போகிறேன். டவர் எட்டாத ஊர்களுக்கு இதே செயற்கைக்கோள் இணைப்பைக் கொண்டுபோகும் வேலை. கிளம்புவதற்குள் ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கருவியைப் பற்றிப் பேசப்போவதில்லை. அதைப் பெட்டியோடு வந்த புத்தகம் சொல்லும். படகின் கம்பத்தில் ஒரு வெள்ளைக் குமிழ், அடியில் பேட்டரிப் பெட்டி, படகோட்டியின் செல்போனோடு ஓர் இணைப்பு. கல்பாக்கத்து டவரின் சிக்னல் கைவிட்ட பிறகு, கடலில் இருப்பவருக்கும் கரைக்கும் நடுவே அந்தக் குமிழும் மேலே ஒரு செயற்கைக்கோளும் மட்டும்தான். சில சொற்கள் போகும், சில சொற்கள் வரும். ஆபத்து என்றால் அழுத்த ஒரு சிவப்புப் பொத்தான். படகு இருக்கும் இடம் நம் திரையில் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி யாருடையது என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டாள், அப்பா கூலிக்குப் போனார். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தழுதழுப்பதில்லை. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குப்பத்து மணலில் முதல் தடவை இறங்கியபோது நிமிர்ந்துதான் நடந்தேன். அங்கே என்னை முதலில் நிறுத்தியவள், மீன் ஏலம் விடும் தேசம்மா.

"இன்னா பாப்பா, கம்பத்துல இன்னாத்த மாட்டிக்கினு கீற? இட்லியா?"

"இது சாட்டிலைட்டோட பேசும்க்கா."

"நீ எந்த ஊரு?"

சொன்னேன். கடலுக்கு முதுகு காட்டியிருக்கும் ஊர்.

"ஏரித் தண்ணி குடிச்ச பொண்ணு. உனுக்குக் கடலப் பத்தி இன்னா தெரியும்?"

"கடலு தெரியாதுக்கா. வானம் தெரியும்."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். "வாயி கீதுடி உனுக்கு" என்று சொல்லிவிட்டு, தன் வீட்டுப் படகிலேயே முதல் குமிழை மாட்டச் சொன்னாள். படகை ஓட்டுகிறவர் அவள் கணவர் எட்டியப்பன்.

குமிழ் மாட்டிய சில மாதங்களிலேயே சிக்கல் வந்தது. கடலடியில் பாறை மேடு இருக்கும் இடத்துக்கு இங்கே 'பாரு' என்று பெயர். மீன் அடைகிற இடம். ஒரு பாரைக் கண்டவர் அதை வெளியே சொல்ல மாட்டார். நிலத்துக்குப் பட்டா உண்டு. கடலில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பட்டா. கடலுக்குக் கிளம்புகிறவரை "எங்கே போகிறீர்கள்" என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் அந்தப் பயணமே கெட்டதென்று நினைப்பார்கள். நான் படகு படகாகக் குமிழ் மாட்டிக்கொண்டிருந்த அந்த நாட்களில், இதெல்லாம் தெரியாத ஒருவர் இந்த அறையில் இருந்தார். டீ குடிக்க வந்த நண்பருக்குத் திரையைக் காட்டி, இந்தப் படகு தினமும் இங்கேதான் நிற்கிறது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் அந்த இடத்தில் வேறு ஊர்ப் படகுகள் வலை விரித்தன. அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். செய்தி மட்டும் கடற்கரை முழுக்க நின்றுவிட்டது.

அதன் பிறகுதான் குண்டான் வந்தது. சோறு வடிக்கிற அலுமினியக் குண்டானைக் குமிழின் மேல் கவிழ்த்தால் புள்ளி மறைந்துவிடும் என்பதை யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாது. பாரு நெருங்கும்போது கவிழ்ப்பார்கள், திரும்பும்போது எடுப்பார்கள். இடம் மறைகிறது, சரி. கரையிலிருந்து போகும் எச்சரிக்கையும் சேர்ந்து மறைகிறது, சிவப்புப் பொத்தானும் ஊமையாகிறது. எத்தனை முறை சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் பயந்தது காற்றுக்கு அல்ல, நமக்கு.

நான் சொல்ல வந்த நாள், தீபாவளி கழிந்த வாரத்தில் வந்தது. மழை விட்டு வானம் வெளுத்திருந்ததால் எல்லாப் படகும் விடியலில் போயிருந்தன. மதியத்துக்கு முன் வானிலை எச்சரிக்கை வந்தது. பிற்பகலில் பலத்த காற்று, எல்லோரும் திரும்ப வேண்டும். அனுப்பினேன். ஒவ்வொரு படகிலும் செய்தி சேர்ந்த அடையாளம் விழுந்தது, புள்ளிகள் மேற்கே திரும்பின. எட்டியப்பனின் புள்ளி மட்டும் காலையிலேயே கடல் நடுவில் அணைந்திருந்தது. படகில் அவரும் அவருடைய பெரிய மகனும், கூட இரண்டு பேரும்.

"வழக்கம் போலக் குண்டானப் போட்டிருப்பாரு மேடம்" என்றான் என்னோடு பணியில் இருந்த ஜான்சன்.

இருக்கலாம். பல நாள் அப்படித்தான். ஆனால் மூடிய குமிழும் மூழ்கிய குமிழும் திரையில் ஒரே மாதிரிதான், இரண்டுமே தெரியாது.

அப்போது ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் மாசிலாமணி, தேசம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். திரும்பிக்கொண்டிருந்த படகுகளில் கடைசியாக, எல்லோரையும்விடக் கிழக்கே இருந்தவர். *மச்சான் திரும்பியாச்சா.* அந்த இரண்டு குடும்பமும் பல வருடங்களாகப் பேசிக்கொள்வதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

கடல் மீட்பு மையத்தை அழைத்தேன். இடம் சொன்னால் கப்பலைத் திருப்புகிறோம், ஆனால் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும் என்றார்கள். இடம் தெரியாமல் தேடுவதென்றால் இந்தக் காற்றில் நம்பிக்கை தர முடியாது என்றும் மறைக்காமல் சொன்னார்கள். அடுத்து மேலாளர் சென்னையிலிருந்து பேசினார்.

"கடைசியா தெரிஞ்ச இடத்த எல்லா படகுக்கும் அனுப்பும்மா. பக்கத்துல இருக்கறவங்க போய்ப் பார்க்கட்டும்."

"அது அவர் இருக்கற இடம் இல்ல சார். குண்டானக் கவுத்த இடம். போற திசை தெரியக் கூடாதுன்னுதான் முன்னாடியே மூடுறாங்க. அங்க அனுப்புனா, காத்துக்கு முன்னாடி கரைக்கு வர வேண்டியவங்கள வெறும் தண்ணியப் பாக்க அனுப்புறோம்."

"ஏதாவது ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார். கொஞ்சம் டைம் குடுங்க."

அவர் எதுவும் சொல்லாமல் போனை வைத்தார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். இந்த அறையில் உங்களுக்கும் சில சமயம் அவ்வளவுதான் கிடைக்கும்.

மணலில் ஓடினேன். ஏலம் நடக்கும் நீலத் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தேசம்மா கூடையைத் தூக்கிக் காட்டி விலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எட்டியப்பன் அண்ணன் பதில் சொல்லல."

"எனுக்கே பதில் சொல்லாத ஆளு, உனுக்கா சொல்வான்?"

பெண்கள் சிரித்தார்கள்.

"காத்து வருதுக்கா. மத்தவங்க எல்லாரும் திரும்பிட்டாங்க."

"குண்டானக் கவுத்துட்டு மீன அள்ளிக்கினு கீறாங்க. காத்து வந்தா அந்தாளுக்குத் தெரியாதா? நீ போன்ல பாத்துத்தான் சொல்ற, அவரு மூஞ்சியில பட்டாலே சொல்வாரு."

அவள் கையைப் பிடித்துப் படகு மறைவுக்கு அழைத்துப் போனேன். பாரு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். முகம் கதவைச் சாத்தியது போல ஆனது.

"யாருகிட்ட இன்னா கேக்குறன்னு தெரிஞ்சிதான் கேக்குறியா?"

"தெரிஞ்சுதான்க்கா."

"எங்கப்பன் எனுக்கு நகை போட்டு அனுப்பல. இந்தப் பாரத்தான் போட்டான். தாலி கட்டுற அன்னிக்கு என் காதுல சொன்னான். பையன் குடிச்சிட்டு ஊருக்கெல்லாம் சொல்லிடுவான்னு எங்கண்ணன் மாசிக்குச் சொல்லல. அதுக்குத்தான் அவன் என் வூட்டு வாசல மிதிக்கறதில்ல. இப்போ அத உன்கிட்ட சொல்லணுமா?"

மாசிலாமணியின் செய்தியைக் காட்டினேன். படிக்கத் தெரியாதவள் என்பதால் வாசித்தும் காட்டினேன்.

"நல்ல நேரம் பாத்துக் கேக்குறான், திருட்டுப் பய."

அந்த நேரத்தில் ஜான்சன் போனில் கூப்பிட்டான். குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "மேடம், சிவப்பு பட்டன அமுக்கிட்டாருன்னு சொல்லிடுங்க. உடனே சொல்லிடுவாங்க."

உண்மைதான், உடனே சொல்லியிருப்பாள். நான்கு உயிருக்காக ஒரு பொய். அந்தப் பொய் என் நாக்கு நுனி வரை வந்தது என்பதை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எட்டியப்பன் சாயங்காலம் மீனோடு வந்து இறங்கி, நான் பட்டனே தொடவில்லையே என்று சொன்னால்? அடுத்த முறை சிவப்புப் பொத்தானை யாராவது உண்மையில் அழுத்தும்போது, இந்தக் கரையில் எந்தப் பெண் நம் பேச்சை நம்புவாள்?

"அக்கா, அண்ணன் மூடித்தான் வெச்சிருக்காரா, வேற ஏதாவதான்னு எனக்குத் தெரியாது. மூடி வெச்சிருந்தா, நீங்க சொல்றது வீணாப் போவும். உங்க பாரும் போவும். பொய் சொல்லி அத உங்ககிட்ட வாங்க மாட்டேன். ஆனா நான் உங்க இடத்துல இருந்தா சொல்லிடுவேன்."

"நீ என் இடத்துல இல்லியே."

"இல்லக்கா."

அவள் கடலைப் பார்த்தாள். அடிவானம் ஈயம் பூசியது போல இருந்தது. காற்று மணலை வாரி எங்கள் காலில் அடித்தது. யாரோ தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்லிக் கத்தினார்கள். "பையனும் போயிக்கீறான்" என்று அவள் தனக்குத்தானே சொன்னாள். பிறகு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தாள்.

அறைக்குள் வந்ததும் ஜான்சனை வெளியே போகச் சொன்னாள். நானும் தலையசைத்தேன். கதவு சாத்திய பிறகு, பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். அந்தப் பாரை அவள் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் கரையில் பெண்கள் படகேறி மீன் பிடிக்கப் போவதில்லை.

"கல்பாக்கத்து குண்டு மேல கழுக்குன்றத்து மலை குந்திக்கினு இருக்கணும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மாபல்லபுரத்து லைட் அவுசு எருமை மலைக் கொம்புக்கு நடுவுல நிக்கணும். ரெண்டும் சேந்தாப்போல தெரியற எடந்தான் பாரு."

திரையிலிருந்த வரைபடத்தில் முதல் கோடு சுலபம். திருக்கழுக்குன்றத்து மலையிலிருந்து அணுமின் நிலையத்தின் உருண்டைக் கூரை வழியாகக் கடலுக்குள் நீட்டினேன். இரண்டாவதற்கு எருமை மலை வேண்டும். வரைபடத்தில் அப்படி ஒரு பெயரே இல்லை.

"எங்கக்கா இருக்கு அந்த மலை?"

"எனுக்கின்னாடி தெரியும்? என் வூட்டுக்காரரு இப்போ அதப் பாக்காமலே பழக்கத்துல போயி வந்துக்கினு கீறாரு. கடல்லேந்து பாத்தா எருமை படுத்த மாதிரி இருக்குமாம். வலக் கொம்பு அப்பவே பாதி ஒடஞ்சி கீதுன்னு எங்கப்பன் சொல்வான்."

பாதி உடைந்த கொம்பு. கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால், உள்நாட்டில், உடைபட்ட மலை. அந்த மலையை எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் அதற்கு வேறு பெயர். இப்போது அது மலையே இல்லை, பச்சைத் தண்ணீர் நிற்கும் பள்ளம். ஆனால் நினைப்பது மட்டும் போதாது. ஊகத்தின் மேல் ஒரு படகைக் காற்றுக்குள் அனுப்ப முடியாது. அப்பாவை அழைத்தேன்.

"அப்பா, நம்ம ஊர் குவாரி மலையில மொதல்ல ஒடச்சது எந்தப் பக்கம்?"

"வடக்குப் பக்கம். நாந்தான வெடி வெக்கக் குழி போட்டேன். இன்னாத்துக்கு இப்போ?"

கடலிலிருந்து பார்க்கிறவனுக்கு வடக்கு வலது கைப் பக்கம்.

"ரெண்டு உச்சிக்கும் நடுவுல பள்ளமா இருந்துச்சே, அது இப்போ எங்கப்பா?"

"கல்லு ஒடைக்கற கிரஷர் ஷெட்டு நிக்குதில்ல, அங்கதான். சாப்ட்டியாம்மா?"

"அப்புறம் பேசறேன்பா."

செயற்கைக்கோள் படத்தில் கிரஷரின் தகரக் கூரை தெளிவாகத் தெரிந்தது. அங்கிருந்து கலங்கரை விளக்கம் வழியாக இரண்டாவது கோட்டை இழுத்தேன். என் அப்பா கூலிக்கு உடைத்த மலையும், தேசம்மாவின் அப்பா காதோடு சொன்ன வார்த்தையும் கடலில் ஒரு புள்ளியில் வெட்டிக்கொண்டன. காலையில் எட்டியப்பன் மறைந்த இடத்துக்கு வெகு தெற்கே.

மீட்பு மையத்துக்கு முதலில் சொன்னேன். கப்பல் திரும்பியது. அது வரும்வரை?

"பக்கத்துல யாரு கீறா?" என்றாள் தேசம்மா.

"மாசி அண்ணன் மட்டுந்தான்க்கா."

அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஏலத்தில் ஒருவரும் விலை கேட்காத மீனைப் பார்ப்பது போல என் திரையைப் பார்த்தாள். அண்ணனுக்கு அந்த இடத்தைச் சொல்லிவிடுங்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

"அனுப்பு" என்றாள். உடனே, "அவனுக்கு மட்டும் அனுப்பு" என்றாள்.

இடத்தை அனுப்பி, போக முடியுமா, முடியாவிட்டால் திரும்பிவிடுங்கள் என்றும் எழுதினேன். கரைக்கு வந்துகொண்டிருக்கும் மனிதரைக் காற்றுக்கு எதிரே திருப்புகிறேன். அவருக்கும் வீடு இருக்கிறது. பதில் ஒரே சொல்லாக வந்தது. *போறேன்.*

திரையில் எல்லாப் புள்ளிகளும் மேற்கே வந்துகொண்டிருக்க, ஒன்று மட்டும் கிழக்கே போனது. மழை தகரத்தில் இறங்கியது. மின்சாரம் போய் இன்வெர்ட்டர் விளக்கு வந்தது. ஜான்சன் கதவைத் தட்டி, மேலாளர் கேட்கிறார் என்றான். இன்னும் இல்லை என்று சொல்லச் சொன்னேன். மாசிலாமணியின் புள்ளி கோடுகள் வெட்டும் இடத்தை நெருங்கியது, சேர்ந்தது, நின்றது.

நின்றுகொண்டே இருந்தது. செய்தி இல்லை.

"பாரு மேல வல போடுறான்" என்றாள் தேசம்மா. சிரிக்க முயன்றாள். பல் உதட்டைக் கடித்திருந்தது. நான் அவள் கையைப் பிடித்தேன், அவள் உதறவில்லை.

*நாலு பேரும் கீறாங்க. கட்டி இழுக்கறன்.*

வாசித்துச் சொன்னேன். "இன்னொரு தரம் படி" என்றாள். படித்தேன்.

நடந்தது இதுதான். வலை இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டது. திருப்ப முடியாத படகில் அலை ஏறிப் பேட்டரிப் பெட்டி மூழ்கிவிட்டது. குண்டானை எடுத்த நேரத்தில் குமிழுக்கு உயிர் இல்லை. நங்கூரம் பாறையில் மாட்டியிருந்ததால் அடித்துப் போகாமல் அங்கேயே கிடந்தார்கள். அந்தக் குண்டானாலேயே தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

படகுகள் கரை ஏறியபோது தேசம்மா மகனை முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். கணவரைப் பார்த்து, "கவுத்தியா? நல்லா கவுத்தியா?" என்று கேட்டாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தோளில் கிடந்த நனைந்த கயிற்றை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். நான் அறைக்குத் திரும்பி, திரையில் இருந்த இரண்டு கோடுகளையும் அழித்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன். உயிரைக் காப்பாற்றுவது பற்றி எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடக் கடினமாக இருந்தது பிறகு வந்த ஒரு காலை. தேசம்மா அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"மாசி அங்க போறானா?"

எனக்குப் பதில் தெரியும். அது என் முதுகுக்குப் பின்னால் திரையில் இருந்தது.

"சொல்ல மாட்டேன்க்கா."

"இன்னாது?"

"அவர் எங்க போறாருன்னு யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"அது என் பாருடி! என் வாயால உன்கிட்ட சொன்னேன். எங்கப்பன் எனுக்குக் குடுத்தது. அவன் போறானா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"பாரு உங்களோடதுக்கா. புள்ளி அவரோடது."

அவள் திட்டினாள். என் படிப்பை, என் அட்டையை, ஏரித் தண்ணீரை, என் அப்பாவைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் நின்று கேட்டேன். அப்பாவைச் சொன்னபோது மட்டும், "அந்த மனுஷன் சொல்லலன்னா கோடு விழுந்திருக்காதுக்கா" என்றேன். அவள் திட்டுவதைச் சட்டென்று நிறுத்தினாள்.

"அப்போ மாசி வந்து என் வூட்டுப் படகு எங்க கீதுன்னு கேட்டாலும்?"

"கேட்டாரு. சொல்லல."

கதவைத் திறந்து, சாத்தாமலே போய்விட்டாள். அவளை இழந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். குப்பம் முழுக்கக் குமிழைக் கழற்றச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

மறுநாள் விடியலில் எட்டியப்பனின் புள்ளி கரையை விட்டுக் கிளம்பியது. வழக்கமாகக் குண்டான் கவிழ்ந்து அணையும் இடத்துக்கு வந்தது, அணையவில்லை. தெற்கே திரும்பியது. பச்சையாகவே போய், கோடுகள் வெட்டிக்கொண்ட அந்த இடத்தில் நின்றது. ஜான்சன் கையிலிருந்த டீயை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"வானிலை இன்னிக்கு என்ன சொல்லுது?" என்று மட்டும் அவனிடம் கேட்டேன்.